கழுத்து இறுகினால் குரல் கம்மும்: வாசகர் கேள்வி – பதில்

குரல் தொடர்பான கேள்விகளை அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பல, வெவ்வேறு ஊர்களிலிருந்தும் தொழில்களிலிருந்தும் வந்திருந்தாலும், ஒரே துன்பத்தையே சொல்கின்றன: பேச வேண்டும் என்று முயலும்போதே கழுத்து இறுகி, குரல் கம்மிவிடுகிறது. ஆகவே இந்த முறை அதற்கே முழு இடத்தையும் ஒதுக்கியிருக்கிறோம். குரல் பயிற்சியாளர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். கார்த்திகை மழையில் சளிக்காய்ச்சல் வந்து தொண்டை கட்டியது. காய்ச்சல் போய்விட்டது, குரல் மட்டும் திரும்பவில்லை. காலையில் ஓரளவு பேச முடிகிறது. மதியத்துக்கு மேல் குரல் கம்மி, கழுத்தின் இரு பக்கமும் வலிக்கிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து, குரல்நாண்கள் நன்றாக இருக்கின்றன, தசை இறுக்கம்தான், பயிற்சி செய்தால் சரியாகும் என்றார். உறுப்பு நன்றாக இருந்தால் குரல் ஏன் வரவில்லை? என்ன பயிற்சி செய்ய வேண்டும்? அதுவரை குசுகுசுவென்று பேசிச் சமாளிக்கலாமா?
– ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: முதலில் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு பயிற்சிக்கு அனுப்பிய உங்கள் மருத்துவரின் வரிசை மிகச் சரியானது. குரல்வளையைக் கண்ணால் பார்க்காமல் பயிற்சியைத் தொடங்குவதை நான் எப்போதும் தவிர்க்கிறேன்.

குரல்வளைக்குள் இரண்டு குரல்நாண்கள் உள்ளன. நுரையீரலிலிருந்து மூச்சு வெளியேறும்போது அவை தொட்டு விலகி அதிர்வதால் ஒலி பிறக்கிறது. சாதாரணப் பேச்சில் இந்த அதிர்வு ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறையும், பெண்களுக்கு 200 முறையை ஒட்டியும் நிகழ்கிறது. இத்தனை விரைவான அசைவைத் தசையால் ஒவ்வொரு முறையும் இழுத்து நடத்த முடியாது; தசைகள் நாண்களை அருகே கொண்டுவந்து நிறுத்தினால் போதும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். நாண்களுக்குச் சற்று மேலே பொய்நாண்கள் என்னும் இரு மடிப்புகள் இருக்கின்றன. உணவு விழுங்கும்போதும் பாரம் தூக்கும்போதும் அவை நெருங்கிக் காற்றுப்பாதையை அடைக்கும். பேசும்போது ஒதுங்கி நிற்க வேண்டும். தசை இறுக்கக் குரல் கோளாறு உள்ளவர்களுக்குப் பேசும்போதே பொய்நாண்கள் உள்நோக்கி நெருக்குகின்றன. குரல்வளை முழுவதும் மேலேறி நின்றுவிடுவதால், அதற்கும் அதன் மேலுள்ள நாவடி எலும்புக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறுகி, தொட்டால் வலிக்கிறது. நீங்கள் சொல்லும் கழுத்து வலியின் இடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

சளிக்காய்ச்சலின்போது நாண்கள் வீங்கியிருந்தன. வீங்கிய நாண்கள் எளிதில் அதிரவில்லை. வகுப்பை நிறுத்த முடியாத நீங்கள் கழுத்தை இறுக்கி, அழுத்தித் தள்ளிக் குரலை வரவழைத்தீர்கள். வீக்கம் வடிந்த பிறகும் அந்தத் தள்ளும் பழக்கம் தங்கிவிட்டது. காலில் முள் தைத்தவர் சில நாள் நொண்டி நடந்துவிட்டு, முள்ளை எடுத்த பிறகும் அப்படியே நொண்டுவதற்கு இது ஒப்பானது. உங்கள் மருத்துவர் பார்த்தபோது முள் இல்லை. பயிற்சி மாற்ற வேண்டியது நடையைத்தான்.

குசுகுசுவென்று பேச வேண்டாம். பலருக்கு அப்படிப் பேசும்போது பொய்நாண்கள் இன்னும் நெருங்குகின்றன. நாம் விடுவிக்க நினைக்கும் இறுக்கத்தையே அது வளர்க்கும். வாரக்கணக்கில் மௌனமாக இருப்பதாலும் பயனில்லை. காய்ச்சலும் வீக்கமும் இருக்கும் ஓரிரு நாள் ஓய்வு நல்லது. அதற்குப் பிறகு, மௌனம் எந்தத் தசைக்கும் புதிய வழியைக் கற்றுத் தராது. மெல்லிய, ஆனால் உண்மையான குரலில், அருகிலிருப்பவரிடம் பேசுங்கள்.

இனிப் பயிற்சிகள். நான் பெரும்பாலும் ஸ்ட்ராவில்தான் தொடங்குவேன். சாதாரண ஸ்ட்ரா ஒன்றை உதடுகளுக்கு நடுவே காற்றுக் கசியாமல் வைத்து, அதன் வழியே ‘ஊ’ என்று மெல்ல ஒலியெழுப்ப வேண்டும். மூக்கைப் பிடித்தாலும் ஒலி மாறாமல் வந்தால், காற்று முழுவதும் ஸ்ட்ரா வழியே போகிறது என்று பொருள். அது பழகியதும், பாதி நீர் நிரம்பிய டம்ளரில் ஸ்ட்ராவின் நுனியை இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்து அதே ஒலியை எழுப்புங்கள். குமிழிகள் ஒரே சீராக வர வேண்டும். குதித்துத் தெறித்தால் அதிகமாகத் தள்ளுகிறீர்கள், நின்று நின்று வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறீர்கள். பின்னர் ஒலியைத் தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்த நிலைக்கும், அங்கிருந்து கீழுக்கும் வழுக்கிக் கொண்டுபோகலாம். வாயின் முனை குறுகியிருப்பதால் உள்ளே சிறிது எதிரழுத்தம் உண்டாகிறது. அந்த அழுத்தம் நாண்களை மேலிருந்து லேசாக விலக்கிப் பிடிப்பதால், அவை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் குறைந்த முயற்சியிலேயே அதிர்கின்றன. பின்லாந்தில் ஒலியியல் பேராசிரியர் ஆன்டி சோவியார்வி 1960களிலேயே கண்ணாடிக் குழாயை நீரில் வைத்து இப்படிப் பயிற்றுவித்தார். ஸ்ட்ரா பயிற்சியின் இயற்பியலை விரிவாக ஆராய்ந்து அதைப் பரவலாக்கியவர் அமெரிக்கக் குரல் அறிவியலாளர் இங்கோ டிட்ஸே. காகித ஸ்ட்ரா நனைந்து குழைந்துவிடும்; எஃகு ஸ்ட்ரா ஒன்றை வாங்கிக் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பிள்ளைகள் ஊதி விளையாடும் பப்பாளி இலைக்காம்பும் இதற்கு ஆகுமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அதிலிருந்து வடியும் பால் வாயைப் புண்ணாக்கும் என்பதால் அது வேண்டாம்.

அடுத்தது ‘ம்’ பயிற்சி. உதடுகளை மெல்ல மூடி, பற்களைக் கடிக்காமல், ‘ம்ம்ம்’ என்று ஒலித்து, அதன் அதிர்வு உதட்டிலும் மூக்கின் இரு பக்கத்திலும் தெரிகிறதா என்று கவனியுங்கள். தொண்டையில் முயற்சி குறைந்து, முகத்தின் முன்பகுதியில் அதிர்வு கூடியிருக்க வேண்டும். அந்த அதிர்வை விடாமலே ‘ம்ம்மா’, ‘ம்ம்மீ’ என்று வாயைத் திறக்கலாம். பிறகு சொற்கள். மெல்லின எழுத்துகள் நிறைந்த நம் மொழியில் இதற்குப் பஞ்சமே இல்லை. நான் பெரும்பாலும் நம் ஊர்ப் பெயர்களையே கொடுக்கிறேன்: மானூர், முன்னீர்பள்ளம், மூன்றடைப்பு, நாங்குநேரி, மணிமுத்தாறு, மாஞ்சோலை. இவற்றை முதலில் பாட்டுப்போல ஒரே சுருதியில் நீட்டியும், பிறகு இயல்பான பேச்சாகவும் சொல்ல வேண்டும். அதன்பின் ‘மானூருக்கு மாமா வந்தார்’ போன்ற சிறு வாக்கியம், பிறகு பாடப்புத்தகத்தின் ஒரு பத்தி, பிறகு வீட்டாருடன் இரண்டு நிமிடப் பேச்சு, கடைசியாக வகுப்பறை. பலர் தோற்பது இந்தக் கடைசிப் படிகளில்தான். ஸ்ட்ராவில் அழகாக ஒலிப்பார்கள். அதைக் கீழே வைத்துவிட்டுப் பழைய கழுத்தோடு வகுப்புக்குள் நுழைவார்கள். பயிற்சியில் கிடைத்த எளிமையைப் பேச்சுக்குள் கொண்டுபோவதே சிகிச்சை. அதனால்தான் ஒரே மூச்சில் அரைமணி நேரம் செய்வதைவிட, இரண்டு மூன்று நிமிடங்களாக ஒரு நாளில் ஐந்தாறு முறை, குறிப்பாக ஒவ்வொரு பாடவேளைக்கும் முன்னால் செய்யச் சொல்கிறேன்.

உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களைக் கவனியுங்கள். ‘ஏலே’, ‘அமைதி’, ‘எல்லாரும் எழுந்திருங்க’ என்று அதட்டும்போது நாண்கள் இறுக மூடிக்கொண்டு வெடித்துத் திறக்கின்றன. மூச்சு லேசாகக் கசியத் தொடங்கிய பிறகு சொல் வருமாறு பழகினால் இந்த அடி குறையும். பிள்ளைகளை அமைதிப்படுத்த மேசையைத் தட்டுவதும் கையை உயர்த்துவதும் உங்கள் தொண்டைக்குச் செய்யும் பெரிய உதவி. வாக்கியம் முடியும்வரை மூச்சை இழுத்துப் பிடித்துப் பேசாமல், காற்புள்ளி விழும் இடத்தில் தோள் உயராமல் மூச்செடுங்கள்.

குரல்வளையைச் சுற்றிச் செய்யும் தடவுதல் பயிற்சியும் உண்டு. கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் நாவடி எலும்பின் இரு பக்கமும் சிறு வட்டங்களாகத் தடவி, மெல்லக் கீழிறங்கி, குரல்வளையைத் தாழ்த்தியபடியே ‘ம்’ என்று ஒலிக்கச் செய்வார்கள். அமெரிக்கப் பேச்சு சிகிச்சை வல்லுநர் ஆர்னால்டு ஆரன்சன் விளக்கிய இந்த முறையில் சிலருக்கு முதல் அமர்விலேயே குரல் தெளிவதை நான் கண்டிருக்கிறேன். அப்போது அவர்கள் முகத்தில் தெரியும் நிம்மதி எனக்கும் பெரிய மகிழ்ச்சி. ஆனால் கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. எங்கே, எவ்வளவு அழுத்தலாம் என்று பயிற்சியாளர் நேரில் காட்டிய பிறகே இதை வீட்டில் செய்ய வேண்டும்.

சுக்கும் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதமானவை, சாப்பிடுங்கள். விழுங்கும் எதுவும் குரல்நாணைத் தொடாமல் உணவுக்குழாய்க்குள் போய்விடுகிறது என்பதால், அவற்றால் நாண் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம். நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள். தொண்டையைச் செருமத் தோன்றும்போது ஒரு மிடறு நீரை விழுங்குங்கள். இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறிய ஒலிபெருக்கியை வகுப்பில் பயன்படுத்தத் தயங்காதீர்கள். ஆசிரியர்களிடம் நடத்திய ஆய்வுகளில் அதன் பலன் நன்றாகவே தெரிந்திருக்கிறது. வாரம் ஒருமுறை பயிற்சியாளரைப் பார்த்து, வீட்டிலும் ஒழுங்காகச் செய்பவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களில் பொதுவாக நல்ல மாற்றம் தெரியும்.

கேள்வி: முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வில்லுப்பாட்டுப் பாடி வருகிறேன். பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் கொடை விழாக்கள் அடுத்தடுத்து வரும். விடிய விடியப் பாட வேண்டும். இப்போது நள்ளிரவுக்கு மேல் மேல்சுருதி எட்டவில்லை. குரல்நாணில் இரண்டு பக்கமும் சிறு முடிச்சு இருப்பதாகவும் கழுத்துத் தசை இறுகியிருப்பதாகவும் மருத்துவர் சொல்கிறார். அறுவை சிகிச்சை செய்துகொண்டால் ஆடிக்குள் சரியாகுமா?
– வில்லிசைக் கலைஞர், அம்பாசமுத்திரம் வட்டாரம்

பதில்: ஐயா, உங்கள் கலை இந்த மண்ணின் தெய்வங்களுக்கு வரலாறு சொல்லும் கலை. அது உங்கள் குரலில் நீடிக்க வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆகவே ஆடியை மட்டும் எண்ணி முடிவெடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரு பக்கமும் எதிரெதிரே தோன்றும் முடிச்சுகள், நாண்கள் பலத்த குரலில் திரும்பத் திரும்ப அடித்துக்கொள்வதால் காய்ப்பவை. முடிச்சு இருப்பதால் நாண்கள் சரியாக மூடுவதில்லை. மூடவைக்கக் கழுத்துத் தசை இறுகுகிறது. இறுக்கத்தால் அடி இன்னும் பலமாக விழுகிறது. இந்தச் சுற்றை உடைக்காமல் முடிச்சை மட்டும் வெட்டினால், அதே முறையில் பாடும்போது அது மறுபடியும் காய்க்கும் வாய்ப்பு அதிகம். எனவே முதலில் பயிற்சி, அதற்கும் இணங்காவிட்டால் அறுவை சிகிச்சை என்பதே பெரும்பாலான மருத்துவர்கள் கைக்கொள்ளும் வரிசை.

பாடுபவர்களுக்கு, மேலே சொன்ன ஸ்ட்ரா பயிற்சியோடு அமெரிக்கக் குரல் சிகிச்சை வல்லுநர் ஜோசப் ஸ்டெம்பிள் வகுத்த நான்கு பகுதிப் பயிற்சியும் ஏற்றது. நசநசவென்ற மெல்லிய ‘ஈ’ ஒலியை ஒரே சுருதியில் இயன்றவரை நீட்டுவது முதல் பகுதி. தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சத்துக்கு வழுக்கிச் செல்வது இரண்டாவது, உச்சத்திலிருந்து தாழ்வுக்கு இறங்குவது மூன்றாவது. அடுத்தடுத்த ஐந்து சுரங்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பிடிப்பது நான்காவது. எல்லாவற்றையும் மிக மென்மையாக, ஆனால் காற்றுக் கசியாத தெளிவோடு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை, காலையும் மாலையும் செய்ய வேண்டும். எத்தனை நொடி நீட்ட முடிகிறது என்று குறித்து வைத்தால் முன்னேற்றம் உங்களுக்கே தெரியும். மெதுவான குரலில் செய்வது உங்களுக்குக் கடினமாக இருக்கும். பலத்த குரலுக்குப் பழகிய தசைக்கு அந்த மென்மைதான் உண்மையான உழைப்பு.

மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடுக்கும் குடமும் தாளமும் உங்களை ஒட்டியே முழங்குவதால், உங்கள் குரல் உங்களுக்கே கேட்பதில்லை. கேட்காத குரலை எவரும் கத்தித்தான் பாடுவார். உங்கள் குரல் உங்கள் பக்கம் திரும்பி ஒலிக்குமாறு ஓர் ஒலிபெருக்கியை வைக்கச் சொல்லி விழாக் குழுவினரிடம் கேளுங்கள். ஒலிவாங்கி வாய்க்கு அருகில் இருக்கட்டும். சுருதியை அரைக்கட்டையாவது இறக்கிக்கொள்ளுங்கள். கதையின் வேகத்தைக் கேட்கும் கூட்டம் சுருதி இறங்கியதைக் குறையாக எண்ணாது. இடப்பக்கம் பின்பாட்டுப் பாடுபவருக்கு நீண்ட பகுதிகளை விடுங்கள். தொடங்குவதற்கு முன் ஐந்து நிமிடமும், முடித்த பின் சில நிமிடமும் ஸ்ட்ராவில் இறங்கு வரிசையாக ஒலியுங்கள். விடியற்காலையில் கொடைச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு உடனே படுப்பதால் இரைப்பை அமிலம் மேலேறித் தொண்டையைப் புண்ணாக்கும். உண்பதற்கும் படுப்பதற்கும் நடுவே இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கம் இருந்தால், இதைப் படித்த இன்றே நிறுத்துங்கள். அது குரலையும் தாண்டி உயிரைப் பற்றிய செய்தி.

கேள்வி: என் அம்மா முக்கூடலில் பீடி சுற்றும் தொழில் செய்கிறார். குடும்பத்தில் ஒரு பெரிய சச்சரவுக்குப் பிறகு, காய்ச்சலும் வந்து, திடீரென்று குரல் போய்விட்டது. இரண்டு மாதமாகக் காற்று மட்டும் வருகிறது. ஆனால் இருமினால் சத்தம் வருகிறது. இதனால் சொந்தக்காரர்கள் நடிக்கிறாள் என்கிறார்கள்; சிலர் கோயிலில் கயிறு கட்டச் சொல்கிறார்கள்.
– மகள், முக்கூடல்

பதில்: உங்கள் அம்மா நடிக்கவில்லை. இதை வீட்டில் எல்லாரும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள். நோயால் வாடும் ஒரு பெண்ணின் மீது பொய்ப்பழியும் சேர்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இருமலில் ஒலி வருவது அவருக்குச் சாதகமான சான்று. இருமும்போதும் சிரிக்கும்போதும் நாண்கள் சரியாக நெருங்குகின்றன. பேச எண்ணும்போது மட்டும் தசைகள் அவற்றைத் தவறாகப் பிடிக்கின்றன. மன அழுத்தமும் காய்ச்சலும் சேர்ந்து வந்தபோது இப்படி நேர்வதுண்டு. அவர் விரும்பி வரவழைத்துக்கொண்டதன்று. இரண்டு மாதம் ஆகிவிட்டதாலும், புகையிலைத் தூளின் நடுவே வேலை செய்பவர் என்பதாலும், இந்த வாரமே குழாய் பரிசோதனை செய்துவிடுங்கள். வேறு கோளாறு இல்லை என்று தெரிந்தால், பயிற்சியாளர் அந்த இருமலிலிருந்தே தொடங்குவார்: இருமலின் நுனியை ‘ம்’ என்று நீட்டச் சொல்வார், வாய் கொப்பளிக்கும் நீரோடு ஒலிக்கச் சொல்வார், கொட்டாவி விட்டு ‘ஆ’ என்று இறங்கச் சொல்வார். ஒலி கிடைத்த கணத்தில் அதைச் சொல்லாக மாற்றிக் கொடுப்பார். பலருக்கு ஓரிரு அமர்வுகளிலேயே குரல் திரும்புகிறது. அதன்பின் அந்தச் சச்சரவு பற்றி மனம்விட்டுப் பேச ஒருவர் அவருக்குத் தேவைப்படலாம். மனநல ஆலோசகரைப் பார்ப்பதில் தவறே இல்லை. கோயிலுக்குப் போவதால் அவர் மனம் ஆறுமானால் அழைத்துப் போங்கள், மருத்துவரிடம் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பத்தொன்பது வயது. இன்னும் மகரக்கட்டு உடையவில்லை, கீச்சென்ற குரல். கல்லூரியில் கேலி செய்வதால் பேசுவதையே விட்டுவிட்டான். ஆண்மைக் குறைபாடா?
– தந்தை, களக்காடு

பதில்: மீசை, தாடி, உடல் வளர்ச்சி ஆகியவை வயதுக்கேற்ப இருந்தால் அந்த அச்சம் பெரும்பாலும் தேவையில்லை, மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதி செய்வார். குரல்வளை வளர்ந்துவிட்டது, சிறுவயதுப் பழக்கப்படி அதை மேலேற்றி இறுக்கிப் பேசும் முறைதான் மாறவில்லை. இருமல் ஒலியிலும் தாழ்ந்த முனகலிலும் அவனுடைய உண்மையான குரல் ஒளிந்திருக்கும். குரல்வளையை விரலால் மெல்லக் கீழே தாழ்த்திப் பிடித்துப் பயிற்சியாளர் அதை வெளிக்கொணர்வார். தாழ்ந்த குரல் விரைவில் கிடைத்துவிடும். அந்தப் புதுக் குரலில் நண்பர்கள் முன் பேசும் துணிவுக்குச் சற்றுக் காலமாகும். அதுவரை வீட்டில் யாரும் அவனைக் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் குரல் பயிற்சிக் காணொளிகள் நிறைய வருகின்றன. அவற்றைப் பார்த்து நாமே செய்யலாமா? நெல்லையில் எங்கே போவது?
– வாசகர், வள்ளியூர்

பதில்: குரல் கம்மல் 4 வாரங்களுக்கு மேல் நீடித்தால் காணொளியை மூடிவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், சளியில் இரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தாலும், புகைக்கும் பழக்கம் இருந்தாலும், அந்த 4 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம்.

பயிற்சியாளரைத் தேடும்போது, பேச்சு மற்றும் செவித்திறன் துறையில் பட்டம் பெற்று இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவாகாது. அப்படிப் பதிவு செய்த பலர் இப்போது காணொளி அழைப்பு வழியாகவும் பயிற்சி தருகிறார்கள். முதல் அமர்வை நேரில் முடித்துவிட்டால், வள்ளியூரிலிருந்து ஒவ்வொரு வாரமும் பேருந்து ஏற வேண்டியிருக்காது. பொதுவான காணொளிக்கு உங்கள் கழுத்து இறுகுவது தெரியாது. தவறான இறுக்கத்தோடு நூறு முறை ‘ம்’ என்றாலும் அந்த இறுக்கமே பழக்கமாகும். போகும்போது பரிசோதனை அறிக்கையோடு, குழாய் வழியே எடுத்த படப்பதிவு இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். உங்கள் குரல் மிகவும் கம்மியிருக்கும் நேரத்தில் கைப்பேசியில் ஒரு நிமிடம் பேசிப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். காலை நேரத்து அமர்வில் குரல் நன்றாக இருந்தாலும், மாலையில் அது எப்படி ஆகிறது என்பதைப் பயிற்சியாளர் கேட்க முடியும்.